நடைபாதை நாயகர்

ஒன்பதாம் அத்தியாயம்

நீதிபதி காலமான பிறகுதான் அவருக்கு வேலை அதிகமாகிவிட்டது.

உயிரோடு இருந்தவரை காலையில் கோர்ட்டு, மாலையில் வீடு, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நடை என்று ஒழுங்காக இருந்த மனிதர். இப்போது பாருங்கள், ஒரு வாரம் நினைவுக் கருத்தரங்கு, மறு வாரம் நினைவு மருத்துவ முகாம், அதற்கடுத்த வாரம் அவர் பெயரில் இறகுப்பந்துக் கோப்பை. இறகுப்பந்து மட்டையை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் தொட்டிருக்கிறார், அதுவும் அது பரணிலிருந்து அவர் தலையில் விழுந்தபோது.

சென்ற வாரம் வந்து சேர்ந்த அழைப்பிதழ் இதற்கெல்லாம் சிகரம். கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் போல் கனமான அட்டை. 'நடைபாதை நாயகர் நீதியரசர் அவர்களின் திருவுருவச் சிலை திறப்பு விழா.' உள்ளே வக்கீல் சங்கத் தலைவரின் படம் முழுப் பக்கத்துக்கு. நீதிபதியின் படம் தபால்தலை அளவுக்கு, அதுவும் கொஞ்சம் மங்கலாக.

அந்த விழா இன்று மாலை.

அந்த வீட்டில் யாரும் யாரையும் வைத்த பெயரால் கூப்பிடுவதில்லை. மூத்தவன் 'வாய்தா'. பல் தேய்ப்பதைக்கூட நாளைக்குத் தள்ளிப்போட்ட பிள்ளை. வளர்ந்து வக்கீல் ஆனான், குணத்துக்கேற்ற தொழில். இளையவள் 'அப்பீல்'. அப்பா சொன்ன தீர்ப்பு எதையும் அங்கேயே ஒப்புக்கொண்டதில்லை, நேரே சமையலறைக்கு ஓடுவாள். மேல் கோர்ட்டு அங்கேதான் இருந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே தீர்ப்பை ரத்து செய்துவிடுவாள்.

ஊரே பார்த்து எழுந்து நின்ற நீதிபதி, வீட்டில் ரத்தான தீர்ப்புகளோடுதான் காலம் தள்ளினார். ஒரு நாளும் முணுமுணுத்தது கிடையாது. "மேல் கோர்ட்டு சொன்னா கீழ் கோர்ட்டு கட்டுப்படணும்" என்று தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார்.

*

அப்பீல் பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களையும் படுத்தவர்களையும் மறுபடி நடக்கவைப்பது அவள் வேலை. வார்டுக்குள் நடப்பதெல்லாம் நடையே இல்லை, தெருவில் இறங்கி பஸ்ஸைப் பிடித்தால்தான் நடை என்பது அவள் கட்சி. இன்று காலை, இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட ஒரு டீச்சரம்மாவை வாக்கரோடு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடத்திக் கூட்டிப்போனாள்.

தெருமுனையில் வாக்கர் நின்றுவிட்டது.

நடைபாதையின் நட்டநடுவில் ஒரு பீடம். கருங்கல் மாதிரி வண்ணம் அடித்த சிமெண்டு. அதன் மேல் தலையோடு துணி போர்த்திய ஓர் உருவம். பீடத்துக்கும் மதில்சுவருக்கும் நடுவே ஒரு பூனை போகலாம். அதுவும் பட்டினி கிடந்த பூனையாக இருந்தால்.

"யாரும்மா அது, குளிருக்குப் போத்திக்கிட்டு நிக்கிறது?" என்றார் டீச்சரம்மா.

"எங்க அப்பா."

டீச்சரம்மா சிலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நல்லா இருக்கட்டும். கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லேன்."

தள்ளி நிற்க அவரால் ஆகாது. எனவே இவர்கள்தான் ரோட்டில் இறங்க வேண்டியிருந்தது. வாக்கரின் முன்கால்கள் இறங்கின, பின்கால்கள் இறங்கவில்லை. பின்னால் வந்த பஸ் காது கிழிய ஹாரன் அடித்தது. டீச்சரம்மா சாய்ந்தார். அப்பீல் அவர் இடுப்பை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்திருக்காவிட்டால், புது மூட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போயிருக்கும்.

டீச்சரம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவள் நேரே அந்தப் பீடத்துக்குத் திரும்பி நடந்தாள். பாதி பயம், பாதி கோபம்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. நீதிபதிக்கு 'நடைபாதை நாயகர்' என்ற பட்டம் வரக் காரணமான தீர்ப்பு இதே நடைபாதையைப் பற்றியது. அந்தக் காலத்தில் இங்கே கடைகளும், யாரோ ஒரு வள்ளலின் சிலையும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிற ஒரு தாய் வழக்குப் போட்டாள். நீதிபதி இரண்டு தரப்பு வக்கீல்களையும் கூட்டிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டார். கறுப்பு அங்கியோடு, உச்சி வெயிலில், ஆளுக்கொரு தடவை அந்த நாற்காலியை ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை தள்ளச் சொன்னார். பிறகு எழுதினார்: 'நிற்பவர் எவ்வளவு பெரியவராயினும், நடப்பவருக்கு வழிவிட வேண்டும்.'

அன்று வள்ளலின் சிலைக்காக வாதாடித் தோற்றவர்தான் இன்றைய வக்கீல் சங்கத் தலைவர். கையில் கிடைத்த மைக்கை விட்டறியாதவர் என்பதால் ஊர் அவரை 'மைக்' என்றே அழைக்கிறது. சிலை ஏற்பாடு முழுக்க அவருடையது.

*

வாய்தா அங்கேதான் நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அப்பாவோட தீர்ப்பைப் பத்தி அழைப்பிதழ்ல பக்கம் பக்கமா போட்டிருக்கீங்களே, அதை யாராவது படிச்சீங்களா?"

"அட்டை நல்லா வந்திருக்கில்ல?"

"அப்பாவை நடைபாதையில நட்டு வெச்சிருக்கீங்க."

"பர்மிஷன் இருக்கு." அவன் குரலைத் தாழ்த்தினான். "தற்காலிக அலங்கார அமைப்புன்னு."

"அப்பா தற்காலிக அலங்காரமா?"

"கத்தாதடி. இன்னைக்கு ஒரு நாள் நல்லபடியா முடியட்டும். அடுத்த மாசம் உக்காந்து பேசலாம்."

"நீ செத்தாக்கூட எமன்கிட்ட அடுத்த மாசம்தான் கேப்பே."

அவன் சிரிக்கவில்லை. தூரத்தில் ஒலிபெருக்கிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த மைக்கை ஒரு கண் பார்த்தான். அரசு வக்கீல் பதவிக்கு அவன் பெயரைச் சொல்வதாக மைக் வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்த விழாவில் ஒரு கல்லைப் புரட்டினாலும் அந்த வாக்கும் சேர்ந்து புரளும். அது அவளுக்கும் தெரியும்.

"எல்லாம் அந்த மைக்கோட வேலைதானே?"

"சிலை அவரோடது." வாய்தா ஒரு நாற்காலியை எடுத்து, வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தான். "இடம் அம்மாவோடது. இந்த முனைதான் வேணும்னு அம்மாதான் கேட்டா."

*

அரை நாள் லீவு போட்டுவிட்டு அப்பீல் வீட்டுக்குப் போனபோது, அம்மா புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா போன நாளிலிருந்து அந்த இஸ்திரிப் பெட்டி சூடேறியதே இல்லை. கசங்கிய புடவையோடேயே எல்லாக் கூட்டத்துக்கும் போய்வந்தவள், இன்று முந்தானை ஓரத்தை இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் ஏதோ ஒரு முனகல், பாட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி.

அந்த முனகலைக் கேட்டதும் வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் பாதி கரைந்துபோயிற்று.

"அம்மா, அந்த இடம்..."

"தெரியும். அந்தத் தீர்ப்பை எழுதின அன்னைக்கு முதல்ல என்கிட்டதான் படிச்சுக் காமிச்சார். ஒரு வரி நீளமா இருக்குன்னு நான்தான் வெட்டச் சொன்னேன்."

"தெரிஞ்சுமா?"

"மாத்திட்டேன்னு வெச்சுக்கோ. அவர் தீர்ப்பை நான் மாத்தறது இதான் முதல் தடவையா?" பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "போய் முகம் கழுவிட்டு வா. கொஞ்ச நேரத்துல கிளம்பணும்."

"நான் ஒத்துக்க மாட்டேன். அப்பீல்."

"எங்க போவே? எனக்கு மேல ஏது கோர்ட்டு?"

"உன்கிட்டயேதான். சீராய்வு மனு. சட்டத்துல இடமிருக்கு."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, மடியில் கையைக் கட்டிக்கொண்டாள். "சரி. முறைப்படி நடக்கட்டும். முதல்ல என் கேஸைச் சொல்லு."

அதுதான் நீதிபதியின் முறை. வீட்டிலும் சரி, கோர்ட்டிலும் சரி, தன் கட்சியைப் பேசுமுன் எதிராளியின் கட்சியைப் பேசிக் காட்ட வேண்டும். எதிராளி 'ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்' என்று தலையாட்டிய பிறகுதான் உன் முறை. வக்கீல்களுக்கு இது வேப்பங்காய். நடைபாதை வழக்கில் மைக் அந்தத் தாய்க்காகப் பேச வேண்டியதாயிற்று. அவர் வாழ்நாளிலேயே உருப்படியாகப் பேசியது அன்று ஒருநாள்தான் என்பார்கள், தோற்றதும் அதனால்தான்.

அப்பீல் ஜன்னலோரம் போய் நின்றாள். அங்கிருந்து தெருமுனை நேராகத் தெரிந்தது.

"நீ... தினம் சாயங்காலம் இங்க வந்து நிப்பே," என்று ஆரம்பித்தாள். "அப்பா முனை திரும்பறது தெரியும். முதல்ல தலை, அப்புறம் பை. அதைப் பாத்துட்டுத்தான் டீக்குத் தண்ணி வைப்பே. அவர் செருப்பைக் கழட்டறப்ப டீ கையில இருக்கும். எப்படி இவளுக்கு மட்டும் தெரியுதுன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் புரியல."

"புரிஞ்சுது. புரியாத மாதிரி இருப்பார். மேல சொல்லு."

"இப்பவும் அந்த நேரம் வந்தா கால் தானா இங்க வருது. யாரும் திரும்பறதில்ல. டீயும் போடறதில்ல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "படத்துல இருக்கறவர் போயிட்டவர். முனையில நிக்கறவர் போகல. வந்துக்கிட்டிருக்கார். பொம்மைன்னு உனக்கும் தெரியும். ஆனா இங்கேர்ந்து பாத்தா மூக்கு முழியா தெரியப் போகுது? ஒரு ஆள் நிக்கற மாதிரி இருந்தாப் போதும். ஊருக்காக நாளெல்லாம் உக்காந்திருந்தவர், எனக்காக அங்க கொஞ்சம் நிக்கட்டுமேன்னு..."



அம்மா தலையாட்டினாள். "இதான் நான் சொல்ல வந்தது. என்னைவிட நல்லாவே சொல்லிட்டே. இப்ப உன் கேஸ்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா." நிஜமாகவே ஒன்றும் இல்லை. அம்மாவின் பக்கம் பேசப் போய், தன் பக்கம் காலியாகிவிட்டது. "சிலை அங்கயே இருக்கட்டும்."

"அது எப்படி? இன்னொரு பக்கம் கேக்காம தீர்ப்பு சொன்னா உங்க அப்பா சிலையோட எழுந்து வந்துடுவார்." அம்மா இஸ்திரிப் பெட்டியின் சூட்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். "உன் கேஸை நான் சொல்றேன். காலையில ஒரு அம்மா வாக்கரோட ரோட்டுல இறங்கினாங்க. நான் இந்த ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அப்பீல் திரும்பினாள்.

"பஸ்ஸு வந்துது. நீ அவங்களைப் புடிச்சே. ஆனா அவர் அசையாம நின்னார்." அம்மா புடவையை மடிக்க ஆரம்பித்தாள். "அவர் நிஜமாவே அங்க நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பார்? அந்த வாக்கரைத் தூரத்துல பாத்ததுமே தான் ரோட்டுல இறங்கியிருப்பார். வாங்க வாங்கன்னு வழி விட்டிருப்பார். பஸ்காரன் இவரைத் திட்டியிருப்பான்." மடித்த புடவையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். "சிலையால இறங்க முடியாதே, பாவம்."

தெருவில் யாரோ "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார்கள்.

"தீர்ப்பு?" என்றாள் அப்பீல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அங்க வந்து சொல்றேன். திரும்பி நில்லு, புடவை மாத்தணும்."

*

மைக் பேசினார். "அவர் ஒரு மலை! அவர் ஒரு கடல்! அவர் ஒரு கலங்கரை விளக்கம்!" என்றார்.

"மூணையும் நடைபாதையில வெச்சா மனுஷன் எங்க நடக்கறது?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இளம் வக்கீல்கள் இருமினார்கள்.

நீதிபதிக்கும் தனக்கும் இருந்த நட்பை மைக் விவரித்தார். அந்த நட்பு, நீதிபதியின் மரணத்துக்குப் பிறகு மிக வேகமாக வளர்ந்திருந்தது. கடைசியில், கண்ணில் வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இப்போது அம்மையார் ஓரிரு வார்த்தை..." என்றார். வாய்தா சிலைத் துணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றான்.

அம்மா எழுந்தாள். மைக்கிடமிருந்து மைக்கை வாங்குவதற்கு ஒரு சிறு இழுபறி நடந்தது.

"எனக்குப் பேசிப் பழக்கமில்ல. தீர்ப்பு சொல்லித்தான் பழக்கம்," என்றாள். சபை சிரித்தது. "அவருக்கு எங்க சிலை வைக்கணும்னு என்னைக் கேட்டாங்க. இந்த முனையைக் காமிச்சது நான்தான். தப்பு என்னோடது. தலைவர் மேல தப்பில்ல. அவர் பாவம், இதே இடத்துல ஒரு சிலைக்காக வாதாடித் தோத்தார். அன்னைக்கு விட்டதை, ஜட்ஜ் போனப்புறம், ஜட்ஜையே வெச்சு ஜெயிக்கப் பாத்தார். இப்படி ஒரு விடாமுயற்சி எல்லாருக்கும் வராது."

இம்முறை சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மைக்கின் முகத்தில் புன்னகை மட்டும் தனியாக மாட்டிக்கொண்டு நின்றது.

"என் வீட்டுக்காரர் தீர்ப்பை நான் நிறைய மாத்தியிருக்கேன். என்ன குழம்பு, எந்த ஸ்கூலு, யாருக்கு ஜுரம், எல்லாத்துலயும். ஆனா வெளிய அவர் சொன்ன தீர்ப்பு எதையும் நான் மாத்தினதில்ல. அது அவர் இடம்." அம்மா பீடத்தைக் கை காட்டினாள். "காலையில இந்த இடத்துல ஒருத்தங்க விழப் பாத்தாங்க. அந்தத் துணியை எடுக்க வேண்டாம். அவர் அங்க நிக்க வேண்டாம். அவ்வளவுதான்."

யாருக்கும் கை தட்டுவதா, எழுந்து நிற்பதா என்று புரியவில்லை. முதலில் தட்டியது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், மைக்தான். பாய்ந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, "இதையேதான் நானும் ஆரம்பத்திலிருந்து சொல்லி வந்தேன்!" என்று முழங்கினார். "நீதியரசரின் திருவுருவத்தை அவருடைய இல்லத்துக்கே அனுப்பிவைப்பதில் சங்கம் பெருமை கொள்கிறது!"

கரகோஷம். அந்தக் கரகோஷத்துக்கு நடுவே அவர் வாய்தாவின் காதில் ஏதோ சொன்னதை அப்பீல் பார்த்தாள். அண்ணனின் முகம் வெளுத்துப்போயிற்று. கயிற்றை மெதுவாகக் கீழே விட்டான். அவள் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

*

வெயில் தாழ்ந்த வேளையில் வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது.

பின்னால் நீதிபதி நின்றுகொண்டிருந்தார். போர்த்திய துணி வழியில் எங்கோ பறந்துவிட்டிருந்தது. தாமிர நிறம் அடித்த முகம், நீட்டிய சுட்டு விரல். உயிரோடு இருந்தபோது மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவதைத் தவிர வேறெதற்கும் அந்த விரலை அவர் நீட்டியதில்லை. அவர் விழாமல் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான் வாய்தா. கோட்டெல்லாம் தாமிரத் தூள்.

அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். "மூக்கைக் கொஞ்சம் பெரிசா வெச்சுட்டாங்க."

"இல்லம்மா. அவ்ளோதான் இருந்துது," என்றாள் அப்பீல்.

"இருந்துதுதான்."

லாரிக்காரர் இறங்கி வந்து, கேட்டைக் கையால் அளந்தார், சிலையைக் கண்ணால் அளந்தார். "ஐயா உள்ள போக மாட்டார்மா. கை இடிக்கும். இப்போதைக்கு இப்படி ஓரமா இறக்கி வெச்சுட்டுப் போறேன்." அவர் காட்டிய ஓரம், வீட்டு வாசல் நடைபாதை.

"வேண்டாம்!" என்றார்கள் அம்மாவும் மகளும் ஒரே குரலில்.

"அப்ப எங்கதான் வைக்கறது?"

அப்பீல் லாரியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அண்ணா... மைக் என்ன சொன்னார்?"

"அந்த வேலைக்கு வேற ஆள் பாத்துக்கறாராம்."

"என்னாலதானே?"

"போடி." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் வேறென்னவோ இருந்தது. "வழியெல்லாம் மேடு பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் சாஞ்சு சாஞ்சு என் தோள்லயே தலையை வெச்சுக்கிட்டு வந்தார். உயிரோட இருந்தப்ப ஒரு தடவைகூட இப்படிச் சாஞ்சதில்ல." முகத்தைக் கோட்டுக் கையால் துடைத்தான். கன்னத்தில் தாமிரம் ஒட்டிக்கொண்டது. "அண்ணே, வண்டியைத் திருப்புங்க."

"எங்கடா?" என்றாள் அம்மா.

"எனக்கு ஒரு இடம் தெரியும். இப்பக் கேக்காதம்மா, கேட்டா மாத்திடுவே. போய் வெச்சுட்டு வந்து சொல்றேன்."

"நாளைக்குப் போயேன்டா. இருட்டப் போகுது."

"இல்ல. இன்னைக்கே."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டில் அந்தக் குரலில் அந்த வார்த்தை இதுவரை கேட்டதில்லை.

லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. வாய்தா அப்பாவின் இடுப்பை இன்னும் இறுக்கிக்கொண்டான். அம்மா கேட்டைத் திறந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக நாலு எட்டு பின்னாலேயே போனாள்.

"ரெண்டு பேரும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுங்க!" என்று கத்தினாள்.

"எனக்கு வேண்டாம்மா, வீட்ல சமைச்சிருப்பாங்க," என்றார் லாரிக்காரர், ஜன்னல் வழியே தலையை நீட்டி.

அம்மா அவரைச் சொல்லவில்லை.